ஒரு குடும்பப் பெயரும் ஒரு பெண்ணின் வாழ்க்கையும்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு முன் எமது ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் அந்தப் பழைய செய்தி மீண்டும் சுற்றி வந்தது. உலகத்து வங்கிகள் எல்லாம், யுத்தங்கள் எல்லாம் ரொத்சைல்ட் என்ற ஒரே யூதக் குடும்பத்தின் கையில் என்று சொல்லும் செய்தி. வோட்டர்லூ போர்க்களத்தில் நெப்போலியன் தோற்றதை முதலில் அறிந்து, பொய் வதந்தி பரப்பி, ஒரே நாளில் இலண்டன் பங்குச் சந்தையைச் சுருட்டிக்கொண்ட கதையும் அதில் இருந்தது. பார்த்தோம், கடந்து போனோம். ஆனால் பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருவர் அதை வகுப்புக்கே கொண்டு வந்துவிட்டார். உலக யுத்தங்கள் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று கேட்டார்: "சேர், அந்தக் குடும்பத்துல ஒரு நல்ல மனிசன் சரி இருந்ததில்லையா?"

மணி அடித்துவிட்டது. நாமும் அன்று பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் மறைக்கக் கூடாத சிலவற்றைச் சொல்லிவிடுவோம். 1917 நவம்பர் 2ஆம் திகதி பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் பல்போர் எழுதிய அந்தக் கடிதம், இலண்டனில் இருந்த வோல்டர் ரொத்சைல்ட் பிரபுவுக்குத்தான் எழுதப்பட்டது. பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த எட்மண்ட் என்பவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பலஸ்தீனத்தில் யூதக் குடியேற்றங்களுக்குப் பணம் கொடுத்தவர். இவை ஆவணத்தில் உள்ள விடயங்கள். பலஸ்தீனத்துக்காக எமது நெஞ்சில் இருக்கும் நெருப்பு பொய்யானதல்ல.

ஆனால் அந்த வோட்டர்லூ கதை வேறு. அது 1846இல் பரிஸில் வெளிவந்த ஒரு வசைப் பிரசுரத்தில் இருந்து வருகிறது. எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை, 'ஷைத்தான்' என்று ஒப்பமிட்டிருந்தார்! அதே கதையை 1940இல் ஹிட்லரின் ஜேர்மனி ஒரு முழுநீளத் திரைப்படமாக எடுத்து ஓடவிட்டது. பெயரே 'ரொத்சைல்டுகள்'. அது எதற்காக எடுக்கப்பட்டது என்று பதினோராம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்கும். அடுத்த ஐந்து வருடங்களில் நடந்ததற்கு மக்களின் மனதைப் பதப்படுத்தத்தான். நாம் 'போர்வர்ட்' பண்ணுவது யாருடைய சரக்கு என்று ஒரு தரமாவது பார்க்க வேண்டாமா?

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அவர் நல்ல மனிதர் ஒருவரைக் கேட்டார். நாம் ஒரு பெண்ணைச் சொல்கிறோம். நல்லவரா கெட்டவரா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

நிக்கோல் டி ரொத்சைல்ட் 1923 மே 27ஆம் திகதி பரிஸில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் ஹென்றி. தகப்பனாரின் தகப்பனார் ஹென்றி டி ரொத்சைல்ட் ஒரு விசித்திரமான மனிதர். படித்தது வைத்தியம். ஆசை நாடகத்தில். அந்திரே பஸ்கால் என்ற புனைபெயரில் நாடகங்கள் எழுதினார். போதாததற்கு 1929இல் பரிஸில் பிகால் தியேட்டர் என்ற பெரிய நாடக அரங்கையும் கட்டினார். ஆக, நாடகம் அந்த வீட்டுக்குள் வங்கிக் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

1940 ஜூன் 14இல் ஜேர்மன் படை பரிஸுக்குள் நுழைந்தது. நிக்கோலுக்குப் பதினேழு வயது. அதே வருடம் ஒக்டோபரில் விஷி அரசாங்கம் யூதர்களுக்கு எதிரான முதல் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஜேர்மன்காரன் கொண்டு வந்ததல்ல, பிரெஞ்சு அரசாங்கமே கொண்டு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரச பதவிகள் பறிபோயின, பிறகு சொத்துகள் பறிபோயின. 1942 ஜூனில் இருந்து சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வீதியில் இறங்க வேண்டும் என்றானது. ஜூலை 16, 17 ஆகிய இரண்டே நாட்களில் பரிஸில் 13,000 பேருக்கு மேல் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் 4,000க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பிடித்தவர்கள் பிரெஞ்சுப் பொலிஸார். யுத்தம் முடியும்வரை பிரான்ஸில் இருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

பணம் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நிக்கோலின் சாச்சா, அதாவது தகப்பனாரின் தம்பி, பிலிப். அவரது மனைவி எலிசபெத் பிறப்பில் யூதரே அல்ல, கத்தோலிக்க உயர்குடிப் பெண். அவர் பிடிபட்டு ஜேர்மனியில் பெண்களுக்கென்றே வைத்திருந்த ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1945 மார்ச்சில் அங்கேயே இறந்தார். ராவன்ஸ்புரூக் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

1942இல் நிக்கோல் பிரான்ஸை விட்டு வெளியேறினார். பாதுகாப்பான இடம் தேடி அல்ல. இலண்டனில் இருந்து டி கோல் நடத்திய சுதந்திர பிரான்ஸ் படையில் சேர்வதற்காக. தெற்கே பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்தால் ஸ்பெயின், அங்கிருந்து எப்படியாவது அக்கரை. அந்த வழியால் போன ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். ஸ்பெயினில் அப்போது பிராங்கோவின் ஆட்சி. ஹிட்லரும் முசோலினியும் தூக்கிவிட்ட ஆட்சி அது. நிக்கோல் பிடிபட்டார், சிறையில் அடைக்கப்பட்டார். பத்தொன்பது வயதுப் பிள்ளை. எமது பாடசாலையில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வயது.

யுத்தம் முடிந்த அன்று அவரது இருபத்திரண்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

அதன் பிறகு அவர் நடிகையானார். குடும்பப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு நிக்கோல் ஸ்டெபான் என்று பெயர் வைத்துக்கொண்டார். பெயரை மாற்றுவது எமக்கு அந்நியமான விடயமல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாடகை வீடு தேடியவர்கள், முச்சக்கர வண்டிக்கு அழைப்பெடுத்தவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் தங்கள் பெயரின் ஒரு துண்டை மட்டும் சொல்லிப் பழகியது எம் எல்லோருக்கும் தெரியும். யாரோ சிலர் செய்த கொடுமைக்கு நாம் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த நாட்களில் 'எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள்' என்று எத்தனை பேரிடம் மன்றாடினோம்!

அவர் நடித்த முதல் பெரிய படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'கடலின் மௌனம்' என்று அதன் பெயர். ஆக்கிரமிப்புக் காலத்தில், 1942இல், ஜீன் புரூலே என்பவர் வெர்கோர் என்ற புனைபெயரில் எழுதித் தலைமறைவாக அச்சிட்ட சிறிய கதை அது. பிடிபட்டால் எழுதியவருக்கும் அச்சடித்தவருக்கும் உயிர் மிஞ்சாது. கையில் இருந்து கைக்குப் போய்த்தான் அந்தப் புத்தகம் பரவியது.

கதை இதுதான். ஒரு கிராமத்து வீடு. ஒரு பெரியவரும் அவரது மருமகளும் வாழ்கிறார்கள். (மருமகள் என்றால் உடன்பிறந்தவரின் மகள்.) அந்த வீட்டின் ஓர் அறையை ஜேர்மன் இராணுவ அதிகாரி ஒருவருக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். வருகிறவன் மிருகம் அல்ல. நல்ல பண்பாளன், இசையமைப்பாளன், பிரெஞ்சு இலக்கியத்தின் மேல் உயிரை வைத்திருப்பவன். ஒவ்வோர் இரவும் அடுப்பங்கரை நெருப்பருகே வந்து நின்று பேசுவான். இரு நாடுகளும் இந்த யுத்தத்தால் ஒன்றாகிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறான். பெரியவரும் பெண்ணும் ஒரு வார்த்தை பதில் பேசமாட்டார்கள். ஒரு 'ம்' கூட இல்லை. பெண் தலைகுனிந்தபடி பின்னல் பின்னிக்கொண்டிருப்பாள். மாதக்கணக்கில் இப்படியே போகிறது. ஒருமுறை அவன் பரிஸுக்குப் போய்த் தன் நண்பர்களான அதிகாரிகளைச் சந்திக்கிறான். பிரான்ஸின் உயிரையே நசுக்குவதுதான் அவர்களது திட்டம் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. உடைந்து திரும்பி வருகிறான். கிழக்குப் போர்முனைக்கு, அதாவது சாவதற்கு, விரும்பிப் போகிறான். போகிற அன்று அந்தப் பெண் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். 'போய் வாருங்கள்' அல்ல. இனிச் சந்திக்கவே மாட்டோம் என்கிற இறுதி விடையைச் சொல்லும் பிரெஞ்சு வார்த்தை அது.

அந்தப் பெண்ணாக நடித்தவர்தான் நிக்கோல் ஸ்டெபான். ஒரு நடிகைக்கு முதல் பெரிய வேடத்தில் வசனம் ஒரே ஒரு வார்த்தை! கைகளாலும் கழுத்தாலும் கண் இமைகளாலும் நடித்திருக்கிறார்.

படம் எடுத்தவர் ஜீன் பியர் மெல்வில். அவரும் யூதர், அவரும் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். அவரிடம் பணம் இல்லை, தொழிற்சங்க அட்டை இல்லை, கதையின் உரிமைகூட இல்லை. வெர்கோர் இந்தக் கதையைப் படமாக்க விடமாட்டேன் என்றார். பிரான்ஸ் நாட்டின் சொத்து போல ஆகிவிட்ட கதை அது, யாரோ ஒரு புது ஆள் கெடுத்துவிட்டால்? மெல்வில் ஒரு வாக்குக் கொடுத்தார். படத்தை முடித்து எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர்களின் நடுவர் குழு ஒன்றுக்குப் போட்டுக் காட்டுவேன், அவர்கள் மறுத்தால் நெகடிவ்வையே எரித்துவிடுவேன் என்று. பிறகு வெர்கோரின் சொந்த வீட்டிலேயே படப்பிடிப்பு நடந்தது. அவர் கதையில் எழுதிய அதே வீடு. கையில் காசு கிடைக்கும் நாட்களில் மட்டும் எடுத்தார்கள், கிடைத்த துண்டுப் படச்சுருள்களில் எடுத்தார்கள். 1949இல் படம் திரைக்கு வந்தது. எரிக்கப்படவில்லை.

இந்தப் படத்தை நாம் முதலில் பார்த்தபோது அந்த மௌனம் எம்மைக் கோபப்படுத்தியது. பேசினால் என்ன, மனிதன்தானே என்று தோன்றியது. பிறகுதான் விளங்கியது. அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கதவைத் தட்டிக் கேட்டு அந்த வீட்டுக்குள் வரவில்லை. அதே நேரம், படம் அவனை அரக்கனாகவும் காட்டவில்லை. யூதர் ஒருவர் இயக்கி, யூதப் பெண் ஒருவர் நடித்து, யுத்தம் முடிந்து இரண்டே வருடத்தில் எடுக்கத் தொடங்கிய படம். வதைமுகாம்களின் சாம்பல் இன்னும் ஆறவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஜேர்மன் அதிகாரிக்கு மனித முகம் கொடுக்க எவ்வளவு நிதானம் வேண்டும்?

அடுத்த வருடம் அதே மெல்வில் இயக்கத்தில், ஜீன் கொக்தோவின் நாவலைத் தழுவிய 'பயங்கரப் பிள்ளைகள்' வந்தது. இதில் நிக்கோல் நேர் எதிர். வாய் மூடாமல் பேசி, தம்பியை ஆட்டிப் படைக்கும் அக்கா. திரைப்பட ஆட்கள் இதைத்தான் அவரது மிகச் சிறந்த நடிப்பு என்பார்கள். எமக்கு முதல் படம்தான். அது ரசனை வேறுபாடு, விட்டுவிடுவோம். மேரி கியூரியாக ஒரு குறும்படத்திலும் நடித்தார்.

1958இல் ஓர் ஆங்கிலப் படம். யுத்த காலத்தில் பிரித்தானியா பிரான்ஸுக்குள் இரகசியமாக இறக்கிவிட்ட பெண் உளவாளி வயலட் ஸாபோவின் கதை. அதில் நிக்கோல் ஏற்றது டெனிஸ் புளொக் என்ற பாத்திரம். கற்பனைப் பாத்திரமல்ல. டெனிஸ் புளொக் உண்மையிலேயே வாழ்ந்த பிரெஞ்சு யூதப் பெண். வயலட்டோடு சேர்த்து 1945இன் தொடக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். கொல்லப்பட்ட இடம் ராவன்ஸ்புரூக். நிக்கோலின் சாச்சி இறந்த அதே முகாம், சில வாரங்கள் முன்பின். அந்தக் காட்சிகளில் நிற்கும்போது அந்தப் பெண்ணின் மனதில் என்ன ஓடியிருக்கும்!

பிறகு ஒரு கார் விபத்து. அதில் பட்ட காயங்கள் அவரது நடிப்பு வாழ்க்கையை முடித்துவைத்தன. இங்கேதான் இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது.

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் எம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. பாடசாலைப் பரிசளிப்பு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். மேடையில் தெரிவது பிள்ளைகளும் பிரதம அதிதியும். ஆனால் கதிரை எங்கே வாடகைக்கு எடுப்பது, மழை வந்தால் என்ன செய்வது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் யார் தருவார், யாரை அழைத்தால் யார் கோபிப்பார் என்று மூன்று மாதங்கள் தூக்கமில்லாமல் அலைந்த ஒருவர் மேடைக்குப் பின்னால் நிற்பார். விழா சிறந்தால் பெயர் அதிபருக்கு. பிசகினால் திட்டு அவருக்கு. படத் தயாரிப்பாளர் என்பவர் அந்த ஆள். கதையைக் கண்டுபிடித்து, உரிமையை வாங்கி, இயக்குநரைத் தேர்ந்து, பத்து இடத்தில் பணம் திரட்டி, நஷ்டம் வந்தால் தானே தாங்குகிறவர். 1960களில் அந்தத் தொழிலில் பெண்களை விரல் விட்டு எண்ணலாம்.

அவர் தயாரித்தவற்றில் முதலில் உலகத்தின் கண்ணில் பட்டது 1963இல் வந்த 'மட்ரிட்டில் மரணம்'. இயக்கியவர் பிரெடரிக் ரொசிஃப். 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் உள்நாட்டு யுத்தம் பற்றிய ஆவணப்படம். பழைய செய்திப்படத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்கிடையே புதிதாக எடுத்த ஸ்பெயின் நிலக் காட்சிகளை வைத்துக் கோர்த்த படம்.

இந்த யுத்தம் எமது பாடப் புத்தகத்தில் ஓரிரு வரிகளுக்கு மேல் வருவதில்லை. மக்கள் வாக்களித்துத் தெரிவான குடியரசுக்கு எதிராக இராணுவத் தளபதிகள் சிலர் கிளர்ந்தார்கள், அவர்களில் பிராங்கோ மேலே வந்தார். 1937 ஏப்ரல் 26, சந்தை கூடும் திங்கட்கிழமை, ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குவர்னிக்கா என்ற சிறு நகரத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியம் அதைப் பற்றியதுதான். பல நாடுகளில் இருந்து இளைஞர்கள் குடியரசைக் காக்கப் போய்ச் செத்தார்கள்.

எம்மவர்கள் அதிகம் அறியாத பக்கமும் ஒன்று இதில் உண்டு. பிராங்கோவின் படையில் பல்லாயிரக்கணக்கான மொரோக்கோ முஸ்லிம்கள் இருந்தார்கள். ஸ்பெயினின் ஆதிக்கத்தில் இருந்த றிப் மலைப்பகுதி ஏழைக் குடியானவர்களைச் சம்பளத்துக்கும் தானியத்துக்கும் ஆசைகாட்டிச் சேர்த்தார்கள். அதே றிப் மக்களைத்தான் பத்து வருடங்களுக்கு முன் அப்துல் கரீமின் எழுச்சியின்போது ஸ்பெயின் நச்சு வாயுக் குண்டு போட்டுக் கொன்றிருந்தது. ஹிட்லரின் விமானங்கள் அவர்களை நீரிணைக்கு மேலாக ஏற்றிக்கொண்டு போய் ஸ்பெயினில் இறக்கின. முன்னணியில் நிறுத்தப்பட்டார்கள், கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அவர்கள் கையால் அப்பாவிகளும் செத்தார்கள். 'மூர்கள் வருகிறார்கள்' என்று சொல்லி மட்ரிட் மக்களைப் பயமுறுத்தினார்கள். மூர் என்ற சொல் எம் தேசிய அடையாள விவரங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதால், அதை வாசிக்கும்போது ஒரு கணம் திடுக்கிடத்தான் செய்கிறது.

படத்துக்கு ஜீன் விகோ பரிசு கிடைத்தது. ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பிராங்கோ உயிரோடு இருக்கும்வரை ஸ்பெயினில் அதைப் போட்டுக் காட்ட முடியவில்லை. சும்மாவும் விடவில்லை. அதற்குப் பதிலடியாக 1965இல் 'ஸ்பெயினில் மரணம்' என்று ஓர் எதிர்ப்படமே எடுத்து வெளியிட்டார்கள். ஓர் ஆட்சி ஒரு படத்துக்கு இவ்வளவு பயப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தைத் தயாரித்தவர் யார்? இருபது வருடங்களுக்கு முன் அதே ஆட்சி சிறையில் போட்ட பத்தொன்பது வயதுப் பெண். அவர் அதைப் பழிவாங்கலாக நினைத்தாரா என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் மறக்கவில்லை.

அடுத்து 'மாளிகை வாழ்க்கை' என்ற நகைச்சுவைப் படம். இயக்குநர் ஜீன் போல் ராப்பெனோவுக்கு அது முதல் முழுநீளப் படம். கதரின் டெனூவ் நடித்தார், லூயி டெலுக் பரிசும் கிடைத்தது. 1969இல் எழுத்தாளர் மார்கரிட் டுராஸ் தன் சொந்தக் கதையைத் தானே இயக்கிய படத்துக்கும் நிக்கோல் பின்னால் நின்றார். பணம் வராது என்று தெரிந்தே செய்கிற வேலை அது.

அவரை வாட்டி எடுத்தது வேறொன்று. மார்செல் புரூஸ்ட் எழுதிய 'இழந்த காலத்தைத் தேடி' என்ற ஏழு பாக நாவலின் திரைப்பட உரிமையை 1962இல் அவர் வாங்கினார். படமாக்கவே முடியாது என்று எல்லோரும் சொன்ன நாவல். இத்தாலியின் விஸ்கொன்டி எடுப்பதாக இருந்தது, திரைக்கதை எழுதியாகிவிட்டது, அவர் வேறு படத்துக்குப் போய்விட்டார். பிறகு ஜோசப் லோசி வந்தார். ஹெரல்ட் பின்டர் திரைக்கதை எழுதினார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அதே பின்டர்தான். பணம் சேரவில்லை. அந்தத் திரைக்கதை படமாகாமல் புத்தகமாக வெளிவந்தது. பத்து வருடம், பதினைந்து வருடம், இருபது வருடம். கடைசியில் நாவலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, ஜேர்மன் இயக்குநர் வொல்கர் ஷ்லொன்டோர்ஃப் இயக்க, 'சுவானின் காதல்' 1984இல் வெளிவந்தது. உரிமை வாங்கியபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. படம் வந்தபோது அறுபது தாண்டியிருந்தது. ஆஹா ஓஹோ என்று யாரும் பெரிதாகக் கொண்டாடவும் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு காரியத்தைத் தூக்கிச் சுமந்துவிட்டு, அது நடுத்தரமாகத்தான் வந்தது என்று கேட்பது எப்படியிருக்கும் என்று நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.

இப்போது சிக்கலான இடம்.

1973 ஒக்டோபர் யுத்தம் ஓய்ந்த கையோடு, அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இஸ்ரேலுக்குப் போய் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 'வாக்களிக்கப்பட்ட நிலங்கள்' என்று 1974இல் வெளிவந்தது. தயாரிப்பு நிக்கோல் ஸ்டெபான். (சொன்டாக்கும் யூதர்தான். அந்தக் காலத்தில் இருவரும் துணையாக வாழ்ந்தவர்கள். சொன்டாக்குக்குப் புற்றுநோய் வந்தபோது பரிஸில் வைத்தியரைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் நிக்கோல்தான்.) பாலைவனத்தில் எரிந்து கிடக்கும் தாங்கிகள், அடக்கப்படாத சடலங்கள், கதறும் தாய்மார், யுத்த அதிர்ச்சியில் புத்தி பேதலித்த சிப்பாய்க்குக் கொடுக்கும் சிகிச்சை. இதில் இரண்டு இஸ்ரேலியர்கள் நீளமாகப் பேசுகிறார்கள். ஒருவர் பௌதிகவியலாளர், விட்டுக்கொடுக்காதவர். மற்றவர் எழுத்தாளர் யோராம் கனியுக். இந்த நிலத்தில் பலஸ்தீனருக்கும் உரிமை உண்டு, இது இரண்டு நியாயங்கள் மோதும் துயரம் என்கிற கருத்தில் பேசுகிறார். இஸ்ரேலிய அதிகாரிகள் அந்தப் படத்தைத் தங்கள் நாட்டில் திரையிடத் தடை போட்டார்கள்.

படத்தில் குறை இல்லையா? பெரிய குறையே இருக்கிறது. அரபுகள் நடமாடுகிறார்கள், கமரா அவர்களைப் பார்க்கிறது. ஆனால் பலஸ்தீனர் ஒருவர் அமர்ந்து தன் கதையைத் தன் வாயால் சொல்ல இடம் தரப்படவில்லை. அவர்களுக்கு உரிமை உண்டு என்பதைக்கூட இன்னொருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கடலின் மௌனம்' படத்தில் மௌனம் அந்தப் பெண்ணே தெரிவு செய்தது. இங்கே மௌனம் மற்றவர்கள் மேல் வைக்கப்பட்டது. இதை நாம் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாகாது. அதேபோல, ரொத்சைல்ட் வீட்டில் பிறந்த பெண்ணொருவர், இஸ்ரேல் தடை செய்யும் அளவுக்குச் சங்கடமான ஒரு படத்துக்குப் பின்னால் நின்றார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. வட்ஸ்அப் செய்தியில் இரண்டுக்குமே இடமில்லை.

கடைசியாக ஒரு சம்பவம். உண்மையில் இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினோம்.

1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகை தொடங்கியது. ஏறத்தாழ நான்கு வருடங்கள். சுற்றிலும் மலை, மலையில் பீரங்கி, கட்டடங்களில் குறிபார்த்துச் சுடுபவர்கள். தண்ணீர் அள்ளப் போனவர்கள், பாணுக்கு வரிசையில் நின்றவர்கள், ஜனாஸா அடக்கப் போனவர்கள் எல்லோரும் குறி. 11,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எமது பள்ளிவாசல்களிலும் அன்று பொஸ்னிய மக்களுக்காகக் குனூத் ஓதியதும், உண்டியல் சுற்றியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

1993 கோடையில் சொன்டாக் அந்த நகரத்துக்குள் போனார். உள்ளூர் நடிகர்களை வைத்து சாமுவேல் பெக்கட்டின் 'கொதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை மேடையேற்றினார். முஸ்லிம், சேர்பியர், குரோவேஷியர் என்று கலந்த நடிகர்கள். மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சம். பசியால் நடிகர்களுக்கு நிற்க முடியாது, ஒத்திகையில் வசனம் இல்லாத நேரமெல்லாம் தரையில் படுத்துக்கொள்வார்கள். நாடகத்தின் முதற் பாதியை மட்டும் போட்டார்கள். இருவர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் வந்து, அவர் இன்றைக்கு வரமாட்டார், நாளைக்கு நிச்சயம் வருவார் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஐ.நா. வரும், ஐரோப்பா வரும் என்று காத்திருந்த நகரத்தில் அதை விளக்க வேண்டியதே இல்லை.

அந்தச் சிறுவன் சொல்லி முடித்ததும் மேடையில் நீண்ட மௌனம். சபையிலும் ஒரு சத்தமில்லை. வெளியே வீதியில் ஐ.நா. கவச வாகனம் ஒன்று உறுமிப் போனதும், துப்பாக்கி வெடித்ததும் மட்டுமே கேட்டதாகச் சொன்டாக் பின்னர் எழுதினார்.

இந்த நாடகத்தைப் பற்றி அன்று ஓர் ஆவணப்படம் எடுக்கப்பட்டது. 'சரயேவோவில் கொதோவுக்காகக் காத்திருத்தல்'. அதை இயக்கியவர் நிக்கோல் ஸ்டெபான். அந்த வருடம் மே மாதம் அவருக்கு எழுபது வயது முடிந்திருந்தது. வேறொருவர் படத்துக்குக் கதிரையும் ஜெனரேட்டரும் தேடிக் கொடுக்கிற வேலையல்ல இது, தானே கமராவுக்குப் பின்னால் நின்ற வேலை. வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்துக் கவலைப்பட்டிருக்கலாம். அதற்கு வசதியும் வயதும் இருந்தது.

சொன்டாக் 2004 டிசம்பரில் காலமானார். சரயேவோ மக்கள் தங்கள் தேசிய அரங்குக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கு அவரது பெயரை வைத்திருக்கிறார்கள். நிக்கோல் 2007 மார்ச் 13இல் பரிஸில் காலமானார். அவர் பெயரில் சதுக்கம் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை.

நேற்று அந்தப் பிள்ளையை நடைபாதையில் கண்டு, உன் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றோம். அடுத்த தவணையில் 'கடலின் மௌனம்' படத்தைப் பதினோராம் தரத்துக்குப் போட்டுக் காட்ட எண்ணம். ஒன்றரை மணித்தியாலம்தான், அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். புரொஜெக்டரின் பல்பு போய் ஆறு மாதம். பழைய மாணவர்கள் யாராவது உதவினால் நல்லது, உள்பெட்டியில் தொடர்பு கொள்ளுங்கள்.

"படத்துல சண்டை இருக்கா சேர்?" என்று கேட்டார்.

இல்லை என்றோம். முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப என்ன இருக்கு?"

"ஒரு பொண்ணு ஒன்றரை மணித்தியாலம் பேசாம இருப்பா."

நம்ப முடியாமல் எம்மைப் பார்த்துவிட்டு வகுப்புக்குள் ஓடிவிட்டார்.